ராஜையண்ணன் கால் ஊன்றிய சாயங்காலம்

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை சங்குமுகம் கடற்கரையில் நீங்கள் அந்தக் குட்டிச் சக்கர வண்டியை வைத்துக்கொண்டு செய்ததையெல்லாம் நின்று பார்த்தேன். படிக்கட்டு மேலிருந்து குதிக்கிறீர்கள். வண்டியோடு ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கித் தலைமுடியைக் கோதிக்கொள்கிறீர்கள். பக்கத்தில் நின்ற கடலைக்காரர், "ஒரு பணியும் இல்லாத்த பிள்ளைங்க" என்றார். நானும் ஒரு காலத்தில் இந்தப் பணியைத்தான் செய்தேன் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடலையைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக் கொடுத்தார். பரிதாபத்திலா மரியாதையிலா என்று தெரியவில்லை.

உங்கள் காலத்து வித்தையெல்லாம் எழுதித் தாருங்கள் என்று வீடு தேடி வந்து கேட்டீர்கள். வித்தையை எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது. ஓடுகிற சைக்கிளிலிருந்து குனிந்து, தரையில் கிடக்கும் கைக்குட்டையை வாயால் கவ்வி எடுப்பது எப்படி என்று நான் பக்கம் பக்கமாக எழுதினாலும், நீங்கள் மண்ணைத் தின்றுதான் அதைப் படிக்க வேண்டும். நான் நிறையத் தின்றிருக்கிறேன். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். வண்டியில் ஏறியவனுக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அடுத்த மாதம் ஆள் கூட்டி முதல் காட்சி நடத்தப்போகிறீர்களாமே. அதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

எங்கள் தொழிலுக்கு இந்தத் திருவனந்தபுரத்துப் பக்கம் சைக்கிள் யக்ஞம் என்று பெயர். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் வெறுமனே சைக்கிள் சுற்றுவது என்பார்கள். மைதானத்தில் வட்டமாகக் கயிறு கட்டி, நடுவில் கம்பம் நட்டு, மைக் செட் வைத்து, ஒருவர் சைக்கிளில் ஏறுவார். ஏறினால் சொன்ன நாள் வரைக்கும் இறங்கக் கூடாது. சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் வண்டிமேல்தான். மற்றதற்கு ஓரத்தில் ஓர் ஓலை மறைப்பு உண்டு. அங்கேயும் இறங்கக் கூடாது. எப்படி என்று கேட்காதீர்கள். தூக்கம் என்றால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அரைச் சுற்று தூங்கி மீதி அரைச் சுற்றில் விழிப்பது. கால் தரையில் பட்டால் யக்ஞம் தோற்றது. இன்னொருவர் கை வண்டியில் பட்டாலும் தோற்றதுதான்.

எங்கள் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. பின்சக்கரத்தில் பிரீவீலும் கிடையாது. முன்னால் மிதித்தால் முன்னால் போகும், பின்னால் மிதித்தால் பின்னால் வரும், நிறுத்த வேண்டுமானால் ஓடுகிற பெடலைக் காலாலேயே அடக்க வேண்டும். உங்கள் வண்டியை விட இரண்டு பங்கு கனம். தலைக்கவசமா? எங்களுக்கு எண்ணெய் தேய்த்து வாரிய தலைமுடிதான்.

நான் ஆரியசாலைக்காரன். அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர். வாடகை சைக்கிளில் பழகி, பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் முதன்முதலாகத் தனியாக யக்ஞம் சுற்றினேன். அப்போது யாரும் எனக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. சுற்றுகிற திசையை அவ்வப்போது மாற்ற வேண்டும். நான் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இடது பக்கமாகவே சுற்றினேன். மாலை போட்டு இறக்கிவிட்டார்கள். மறுநாள் கர்வத்தோடு சாலைக் கடைத்தெருவுக்குள் சைக்கிளில் வந்தவன், நேராக இடது பக்கத்து வாழைக்குலைக் கடைக்குள் போய் நின்றேன். கடைக்காரர் தலையில் ஒரு ரசகதலிக் குலை விழுந்தது. பழம் வேண்டுமானால் இறங்கிக் கேட்டால் போதுமே தம்பி என்றார்.

சிரிக்கிறீர்களா, சிரியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். என் கணக்கில் வண்டி நேராகத்தான் போனது. தெருதான் வளைந்தது. அந்த நிமிஷத்தில் என்னைக் கோயிலில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். உடம்பு கோணிப்போனால் அந்தக் கோணலே அதற்கு நேராகத் தெரியும். இனி நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு இது தெரிந்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு நான் ராஜையண்ணன் குழுவில் சேர்ந்தேன். அண்ணன் மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரர். சுற்றுகிறவர் அவர். அவர் சுற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே வித்தை காட்டுகிற இரண்டாவது ஓட்டக்காரன் நான். நெடுமங்காட்டு பாஸ்கரன் மைக் பிடிப்பான். அண்ணன் மனைவி ஞானம்மாள் எங்கள் எல்லோருக்கும் சமைப்பார். அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். இவ்வளவுதான் குழு.

ராஜையண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன். நான் எத்தனையோ ஓட்டக்காரர்களைப் பார்த்தவன். எல்லோரும் வேகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குவார்கள். அண்ணன் நின்று காட்டுவார். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து, மைதானத்தின் நடுவில் அப்படியே நிற்கும். சக்கரம் முன்னால் ஒரு விரல்கடை, பின்னால் ஒரு விரல்கடை. இரண்டு கையையும் எடுத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பீடியை உருவிப் பற்றவைத்து, முழுசாகப் புகைத்து முடிப்பார். நீங்கள் அதை என்னவோ இங்கிலீஷ் பெயர் சொல்லிச் செய்கிறீர்கள், பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் நிற்கும்போது அழுகிற குழந்தை கூட வாயை மூடும். அவர் பாரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் பிடிபடவில்லை. வண்டிமேல் இருந்த மாதிரித் தெரியாது, வண்டிதான் அவரிடம் ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

மைனி வேறு தினுசு. கல்யாணத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்கு வந்து, மூங்கில் சாரத்தில் சாந்துச் சட்டி சுமந்து ஏறியவர். அதிகம் பேச மாட்டார். கஞ்சிப் பாத்திரத்தோடு சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடி, வண்டியைத் தொடாமல் அண்ணன் கையில் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவார். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே பெண்கள் கூட்டம் சேரும்.

எழுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம், வித்துராவில் யக்ஞம் போட்டோம். சந்தைக்குப் பக்கத்து மைதானம். பின்னால் பொன்முடி மலை, பாதி நேரம் மேகத்துக்குள் இருக்கும். மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வந்து வட்டத்தைச் சேறாக்கிவிட்டுப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறங்குவதாக வாக்கு. வெறுமனே இறங்குவதில்லை. பாஸ்கரன் வாரம் பூராவும் மைக்கில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஊர்ப் பையன்கள் வரிசையாகத் தரையில் படுப்பார்கள், அண்ணன் பலகைச் சரிவில் ஏறி அத்தனை பேரையும் வண்டியோடு தாண்டுவார், தாண்டிய பிறகுதான் அவர் கால் தரையில் படும்.

இந்தத் தாண்டலில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பலகையிலிருந்து முதல் ஆட்கள் ஊர்க்காரர்கள். கடைசி இடம் எங்கள் குழுவில் ஒருவருக்கு. தாண்டுவது கொஞ்சம் குறைந்தாலும் வண்டி வந்து விழுகிற இடம் அதுதான், ஊரான் வீட்டுப் பிள்ளையை அங்கே போடக் கூடாது. அந்த இடம் எப்போதும் என்னுடையது. பல ஊரில் படுத்திருக்கிறேன். அண்ணனின் சக்கரம் என் மூக்குக்கு மேலே போகும்போது ஒரு தரம்கூடக் கண்ணை மூடியதில்லை, அவ்வளவு நம்பிக்கை.

வித்துராவில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே சுற்றியதால் இருக்கும். கம்பவுண்டர் ஒருவர் ஓடிக்கொண்டே மாத்திரை கொடுத்தார். சனிக்கிழமை காலையில் வட்டத்தின் கிழக்கு மூலையில் அண்ணன் திடீரென்று வண்டியை வெட்டித் திருப்பினார். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் வெட்டினார். அதற்கடுத்த சுற்றிலும். கூட்டம் இது புது வித்தை என்று கைதட்டியது. நான் பக்கத்தில் என் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் என்ன அண்ணே என்று கேட்டேன்.

"அந்தப் பசுவ யாராவது அவுத்துக் கெட்டப்பிடாதா?" என்றார்.

அங்கே பசு இல்லை. ஒன்றுமே இல்லை. இல்லை அண்ணே என்று சொன்னேன். நீ இப்பதான் பார்க்கிறாய், அது காலையிலிருந்து நிற்கிறது என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். தூக்கமில்லாதவர்களுக்கு இப்படி ஏதாவது தெரிவது எங்கள் தொழிலில் புதிதில்லை, நானே கம்பத்தோடு பேசியிருக்கிறேன். ஆனால் அண்ணனுக்கு இப்படி ஆகி நான் பார்த்ததில்லை. பாஸ்கரன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "எடா முருகேசா, ஆளு செரியில்ல கேட்டோ" என்றான். பொத்திய கையை எடுத்ததும், மான்ய மகா ஜனங்களே என்று மறுபடி ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் வித்துராவில் எதிர்பார்க்கவில்லை. போணக்காட்டு எஸ்டேட்டிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் இறங்கி வந்தன. கல்லாற்றுப் பக்கத்துக் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள். மரத்தில் ஆள், லாரி மேல் ஆள். பையன்கள் முந்தின நாளே பேர் கொடுத்து, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். அவர்களுடைய அம்மாக்களும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

மதியம் மைனி கஞ்சி கொடுக்க ஓடியபோது நான் பின்னால் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"இன்னைக்கு தாண்ட வேண்டாம்" என்றார் மைனி.

"வாக்கு குடுத்தாச்சு."

"கண்ணு செரியில்ல உங்களுக்கு."

"உன்னைத் தெரியுதே" என்று அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இவ்வளவு பேருக்க முன்னால நான் தாண்டாம கால ஊணினா, பெறவு நெடுமங்காடு தாண்டி எந்த ஊரிலயும் நமக்கு ஒரு கயிறு கெட்ட இடம் தரமாட்டான். தெரியுமில்லா?" என்றார்.

அது உண்மைதான். யக்ஞம் தோற்றவன் என்ற பேச்சு பஸ்ஸை விட வேகமாக ஊர் ஊராகப் போய்விடும். அப்படிப் பேர் கெட்டு, கடைசியில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது, வேறு தொழில் மேல் ஆசையும் கிடையாது. ஒரு பக்கம் அவர் பேர், இன்னொரு பக்கம் தரையில் படுக்கப்போகிற அத்தனை உடம்பு. நடுவில் தன் கண் சரியாக இருக்கிறது என்று நம்புகிற ஒரு மனிதர். வண்டியைத் தொட்டு நிறுத்த எங்கள் யாருக்கும் உரிமை இல்லை. கால் ஊன்றுவது அவர் ஒருவரால்தான் முடியும்.

மழை விட்டு வெயில் சாய்ந்த நேரத்தில் பலகையைப் போட்டோம். மரக்கடையில் கேட்டு வாங்கிய பலகை, இரண்டு சாண் அகலம். அதன் ஒரு முனையைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்து மண் மூட்டையால் அண்டை கொடுத்தோம். சைக்கிள் சக்கரம் அந்த இரண்டு சாணுக்குள் ஏற வேண்டும். தப்பினால் நேராக முதல் பையனின் விலாவில்தான். பையன்கள் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார்கள். நான் கடைசி இடத்தில் படுத்தேன். முதுகில் ஈரம் ஏறியது. முதல் தடவையாக எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அப்போது மைனியின் முகம் எனக்கு மேலே வந்தது.

"தம்பி, எழும்பு. இன்னைக்கு நான் கெடக்கேன்."

என்ன மைனி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து எழுப்பினார். சாந்துச் சட்டி சுமந்த கை, பேச்சுக்கு இடமில்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் இடத்தில் மல்லாந்து படுத்தார். படுப்பதற்கு முன்னால், சுற்றிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கடைசில நானாக்கும் கெடக்கேன். தாண்டுங்க."

பாஸ்கரன் மைக்கில் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரு வாரமாக நிற்காத சத்தம் நின்றதும் மைதானமே பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் வட்டத்தை விட்டு விலகி, ரோட்டுப் பக்கத்து மேட்டுக்கு ஏறித் திரும்பி, மிதிக்க ஆரம்பித்தார்.

மக்களே, அந்த ஓட்டத்தை நான் எப்படிச் சொல்வேன். காய்ச்சலோடு, ஒரு வாரம் தூங்காத உடம்பு, அது வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். மேட்டிலிருந்து இறங்கும்போது சேறு இரண்டு பக்கமும் தெறித்தது. பலகைக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது முன்சக்கரம் வெட்டித் திரும்பியது. பலகையை ஒட்டி, பையன்களின் கால்மாட்டுப் பக்கமாக வண்டி பாய்ந்து போய்விட்டது. கூட்டம் ஓ என்று ஆர்ப்பரித்தது. ஆவலைத் தூண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுபடி மேட்டுக்குப் போனார். மறுபடி வந்தார். இந்தத் தரம் பலகைக்கு வெகு முன்னாலேயே வேகம் குறைய ஆரம்பித்தது. பெடலை அடக்குகிற அவர் தொடையில் நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். வண்டி பலகையை விட்டு விலகி, வரிசையின் ஓரமாக மெதுவாக உருண்டு, மைனியின் தலைமாட்டுக்கு வந்து நின்றது.

நின்றது என்றால் அண்ணன் நிறுத்துகிற மாதிரி நின்றது. கால் பெடலில், சக்கரம் முன்னால் ஒரு விரல்கடை, பின்னால் ஒரு விரல்கடை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சலிலும், கண் போன அந்த நிலையிலும், அந்த உடம்பு நிற்பதை மட்டும் மறக்கவில்லை. கீழே மைனி அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எழும்பு ஞானம்" என்றார் அண்ணன். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"நீங்க இறங்குங்க. நான் எழும்புகேன்."

அண்ணன் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். மரத்தில் இருந்தவர்கள், லாரி மேல் இருந்தவர்கள், எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு வலது காலைப் பெடலிலிருந்து எடுத்து, மெதுவாக, தண்ணீரின் ஆழம் பார்க்கிறவர் மாதிரி, தரையில் வைத்தார்.

நான் அந்தரத்தில் பறந்த ஓட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தீ வளையத்துக்குள் புகுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்களையும் பார்த்தேன். அந்தக் கால் பெடலிலிருந்து தரைக்கு வந்த அந்த ஒரு முழத் தூரத்தைப் போல இன்னொன்றை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதை அவர் கண்ணை நம்பிச் செய்யவில்லை, கண் அவரிடம் தாண்டலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மீறி மைனியை நம்பிச் செய்தார்.

கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியுமா? கேலியாகக் கூவ ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் கூவுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் தொடங்கினால் போதும். நாலா பக்கமும் கூவல். முன்வரிசையில் ஒரு காய்கறிக்கடைக்காரர், அவர் மகனும் வரிசையில் கிடந்தான், எல்லோரையும் விட உரக்கக் கூவினார். நான் அடி விழும் என்றே நினைத்தேன். பாஸ்கரன் மைக்கின் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

மைனி எழுந்து அண்ணனுக்கு முன்னால் நின்றார். அண்ணன் வண்டியை விட்டுவிட்டு, பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். மைனி நேர் எதிரே நின்றார். கை அவரிடம் வரவில்லை. மைனிக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, வெறுங்காற்றில் போய்த் துழாவியது. அங்கே மைனி நிற்பதாக அண்ணன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கேயே பார்த்துக்கொண்டு, "ஞானம், கையக் குடு" என்றார்.

முதலில் முன்வரிசையில் கூவல் நின்றது. பிறகு பின்னால். பிறகு மரத்தின் மேல். ஒருவரும் ஒருவருக்கும் எதையும் விளக்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்தக் கையிலிருந்து பலகைக்குப் போனது. இரண்டு சாண் பலகை. அதிலிருந்து, இன்னும் எழுந்திருக்காமல் கிடந்த பையன்களுக்குப் போனது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. மைனி ஓர் அடி நகர்ந்து, அந்தக் கை எங்கே தேடியதோ அங்கே போய் நின்றுகொண்டார். அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி விழுந்தார்.

அந்தக் காய்கறிக்கடைக்காரர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். மகனைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தி, அவன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு வந்து, அண்ணனின் கால் பக்கம் தூக்கிக்கொள்ள எனக்கு ஒரு கை கொடுத்தார்.

இனி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மைனி செய்ததை நீங்கள் யாரும் செய்யப் போகாதீர்கள், உங்கள் வீட்டார் என்னைத் தேடி வருவார்கள். ஆனால் உங்களில் யார் வண்டியில் ஏறினாலும், இறங்கு என்று அவனிடம் சொல்ல ஒருவர் கீழே இருக்கட்டும். அது உங்களில் நன்றாக ஓட்டுகிறவராக இருக்க வேண்டும் என்றில்லை. அவர் சொன்னால் கேட்பேன் என்று, தெளிவாக இருக்கும்போதே, ஏறுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏறிய பிறகு முடிவு செய்யலாம் என்றால் அப்போது உங்களிடம் இருப்பது உங்கள் மூளையே இல்லை. ஆள் படுக்கிற வித்தை நடத்துவதானால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடத்துங்கள்.

அண்ணன் பிற்பாடு பல ஊரில் சுற்றினார். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் வித்துராக்காரர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அந்தத் தரம் மைதானத்தில் பலகையை நாங்கள் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கால் ஊன்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை மடங்கி விழுந்து தூங்கிய அண்ணன் மறுநாள் காலையிலும் எழுந்திருக்கவில்லை. கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டு, தூக்கம்தான், தூங்கட்டும் என்றார். சாமான்களோடு லாரியில் ஏற்றித் திருவனந்தபுரத்துக்குத் திரும்பினோம். சைக்கிள்கள் ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம், நடுவில் கயிற்றுச் சுருள்மேல் அண்ணன், அவர் தலை மைனியின் மடியில். நெடுமங்காடு தாண்டி வரும்போது கண்ணைத் திறந்தார். ஆகாயத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், சரியாக என்னையே பார்த்தார். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை என்பது அவர் கேட்டதில் தெரிந்தது.

"ஞானம், தாண்டினேனா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மைனி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் விட்டிருந்தது.

"கெடந்த பயலுவ எல்லாரும் எழும்பி வீட்டுக்குப் போனாவ" என்றார்.

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி தூங்கிப்போனார்.